எத்தனை ஓம், சார்?

கேஇஎஃப் ஆர்3 மெட்டா வீட்டுக்கு வந்துவிட்டது. பல வருட ஆசை. ஆறரை அங்குல பேஸ் டிரைவர், அதற்கு மேலே நடுக்குரலும் ட்வீட்டரும் ஒரே மையத்தில் உட்கார்ந்திருக்கும் யூனி-க்யூ. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டோனில், பிபிசியில் வேலை பார்த்த ரேமண்ட் குக் 1961-இல் தொடங்கிய கம்பெனி இது. யூனி-க்யூ 1988-இல் வந்தது. அதையே செதுக்கிச் செதுக்கி இன்றுவரை கொண்டு வந்திருக்கிறார்கள். நல்ல பொருள். இனி இதற்கு ஒரு ஆம்ப் வேண்டும்.

ஆம்ப் வேண்டும் என்று சொல்லி வாய் மூடவில்லை, ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். "கேஇஎஃப் கொஞ்சம் பளிச்சுன்னு பேசும், அதுக்கு 'வார்ம்' ஆம்ப் போடுங்க." "பிரிட்டிஷ் ஸ்பீக்கருக்கு பிரிட்டிஷ் ஆம்ப்தான் சேரும்." ஷோரூமில் கேட்டால் "நீங்க என்ன மியூசிக் கேப்பீங்க சார்?" என்று ஆரம்பிக்கிறார்கள். ஜாதகம் பார்ப்பது மாதிரி. கர்நாடக சங்கீதமா, ராஜாவா, ராக்கா? அதை வைத்து ஆம்ப் தீர்மானமாகுமாம்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் மைக் செட் போடும் அண்ணனிடம் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது. அம்மன் பாட்டா, எல்.ஆர். ஈஸ்வரியா, பட்டிமன்றமா என்று அவர் கேட்டதே இல்லை. அவருடைய கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஓம்? எட்டு ஓம் பெட்டி இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் நான்கு ஓம், இன்னும் இரண்டைச் சேர்த்தால் இரண்டு ஓம், அத்தோடு ஆம்ப் புகையும். இந்தக் கணக்கு அவருக்கு விரல் நுனியில். தெருக்கோடி வரை கூம்பு கட்ட வேண்டுமென்றால் 100 வோல்ட் லைனில் போட்டு, ஒவ்வொரு கூம்புக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் எத்தனை வாட்ஸ் டேப் என்று கூட்டிப் பார்த்து, ஆம்ப்பின் வாட்ஸைத் தாண்டாமல் நிறுத்துவார். பொருத்தம் பார்ப்பது என்றால் அசல் பொருத்தம் அதுதான். லட்சக்கணக்கில் விலை போட்ட ஷோரூமில் அந்தக் கேள்வியை நான்தான் கேட்க வேண்டியிருந்தது.

சரி, கணக்குக்கு வருவோம். இதில்தான் சுவாரசியமே இருக்கிறது. கணக்குப் பிடிக்காதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்3 மெட்டாவின் அட்டையில் இரண்டு எண்கள் முக்கியம். சென்சிடிவிட்டி 87 டெசிபல். இம்பீடன்ஸ் 4 ஓம், குறைந்தபட்சம் 3.2 ஓம். முதல் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் "2.83 வோல்ட், 1 மீட்டர்" என்று போட்டிருக்கும். அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. 2.83 வோல்ட் என்பது 8 ஓமில் சரியாக 1 வாட். 4 ஓமில் அதே வோல்டேஜ் 2 வாட்ஸ். ஆக, ஒரு வாட்டுக்கு இந்தப் பெட்டி தருவது 84 டெசிபல்தான். பொய்யில்லை, ஆனால் விற்கிறவனுக்குச் சாதகமான அளவுகோல். 4 ஓம் ஸ்பீக்கர் எதன் அட்டையைப் பார்த்தாலும் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஹால் 12-க்கு 14 அடி, கூரை 10 அடி. நான் உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே பத்தடி, அதாவது 3 மீட்டர். திறந்த வெளியில் 1 மீட்டரில் 87 டெசிபல் என்றால் 3 மீட்டரில் ஒன்பதரை டெசிபல் குறைந்து 77 சொச்சம் ஆகும். வீடு திறந்த வெளி இல்லை. சுவரும் தரையும் கொஞ்சம் திருப்பித் தரும், ஸ்பீக்கரும் இரண்டு. அந்த வகையில் ஐந்து, ஐந்தரை டெசிபல் திரும்பி வரும். ஆக, 2.83 வோல்ட்டுக்கு என் காதில் சுமார் 83 டெசிபல். அது ஏற்கெனவே நல்ல சத்தம். அடுத்த அறையில் இருப்பவர் எழுந்து வந்து கதவைச் சாத்தும் சத்தம்.

அப்படியானால் இரண்டு வாட்ஸ் போதுமா? சராசரிக்குப் போதும். பாட்டு சராசரியில் ஓடுவதில்லையே. நன்றாகப் பதிவு செய்த கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியின் உச்சியும் சராசரியைவிட 20 டெசிபல் மேலே தொடும். நாகஸ்வரக் கச்சேரியில் தவில் இன்னும் முரடு. இந்தக் காலத்துச் சினிமாப் பாட்டில் எல்லாவற்றையும் அமுக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்துவிடுகிறார்கள், பத்து டெசிபல் மிஞ்சினால் அதிகம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) மாதிரி வயலின் கூட்டமும் அமைதியும் மாறி மாறி வரும் இசைக்கு இடைவெளி அதிகம் வேண்டும். 20 டெசிபல் என்றால் வோல்டேஜ் பத்து மடங்கு, வாட்ஸ் நூறு மடங்கு. 2.83 போய் 28.3 வோல்ட். 8 ஓமில் 100 வாட்ஸ், என் 4 ஓம் பெட்டியில் 200 வாட்ஸ். ஓம் 3.2-க்கு இறங்கும் இடத்தில் ஆம்ப் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் கரண்ட் தர வேண்டும்.

இது உச்சக் கணக்கு. வழக்கமாக நான் கேட்பது 75 டெசிபல் சராசரி. அதன் உச்சி 95. அதற்கு 83-இலிருந்து 12 டெசிபல் ஏறினால் போதும், 8 ஓம் கணக்கில் 16 வாட்ஸ்தான். நூறு வாட்ஸ் ஆம்ப் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அதன் வாசல்படியைக்கூடத் தாண்டுவதில்லை. 50 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குப் போக ஐம்பதாயிரம் அதிகம் கொடுப்பவர் வாங்குவது 3 டெசிபல். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்றப் பத்து டெசிபல் வேண்டும்.

வாட்ஸ் என்று சொல்லும்போதே பழைய ஞாபகம் ஒன்று. தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் பெட்டிகள்மேல் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று தங்க எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பெட்டி சுவரில் குத்தும் ஒரு சின்ன அடாப்டரில் ஓடும்! பி.எம்.பி.ஓ.வுக்கு எந்தத் தரக்கட்டுப்பாடும் கிடையாது, வாய்க்கு வந்த எண். அமெரிக்காவில் இந்தக் கூத்து எழுபதுகளிலேயே முற்றிப்போய், 1974-இல் அரசின் வர்த்தக ஆணையமே வாட்ஸ் அளக்க விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. இப்போதைய ஏ.வி. ரிசீவர்களில் இந்தப் புளுகு கொஞ்சம் நாகரிகமாக நடக்கிறது. "7 சேனல், ஒவ்வொன்றும் 100 வாட்ஸ்" என்பார்கள். பொடி எழுத்தைப் பார்த்தால் ஒன்றிரண்டு சேனல் மட்டும் ஓடும்போது, சில சமயம் 6 ஓமில், 1 கிலோஹெர்ட்ஸில், 1 சதவீத டிஸ்டார்ஷனில் அளந்தது. 4 ஓம் பற்றி மௌனம். சிலவற்றின் மெனுவிலோ பின்பக்கத்திலோ 4 ஓம் தேர்வு ஒன்று இருக்கும். அதைப் போட்டால் ஆம்ப்புக்குப் பலம் கூடுவதில்லை. உள்ளே வோல்டேஜைக் குறைத்து, சூடேறாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைக் கோவை நண்பர் ஒருவரிடம் போனில் சொன்னேன். வால்வு ஆம்ப் பக்தர். தானே சாசி வெட்டி, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றக் கொடுத்து, கையால் சால்டர் வைத்துச் செய்பவர். என் கணக்கை அவர் காதிலேயே வாங்கவில்லை.

"ஒருக்கா 300பி-ல கேட்டுப் பாருங்ணா. அப்புறம் வேற எதுவும் காதுல ஏறாது."

300பி வால்வை வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1938-இல் கொண்டுவந்தது. இன்னும் செய்கிறார்கள், இன்னும் அதற்கு அடியார் கூட்டம் உண்டு. ஒற்றை 300பி தருவது 8 வாட்ஸ். 4 ஓமில் 8 வாட்ஸ் என்றால் 5.66 வோல்ட், என் நாற்காலியில் உச்சி 89 டெசிபல். சன்னமாக வீணை கேட்கலாம். தவில் வந்தால் அது மூச்சு வாங்கும். அதே 8 வாட்ஸை பால் க்ளிப்ஷ் 1946-இல் செய்த க்ளிப்ஷ்ஹார்ன் மாதிரி 105 டெசிபல் பெட்டிக்குக் கொடுத்தால் வீடு அதிரும். ஆக, 300பி-யில் குறை இல்லை, என் பெட்டிக்கு அது பத்தாது.

வால்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. "வார்ம்" என்று எல்லோரும் சொல்வதில் பாதிக்கு விளக்கம் அதில் கிடைக்கும். ஃபீட்பேக் இல்லாத ஒற்றை வால்வு ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் 2, 3 ஓம் வரை போகும். ஸ்பீக்கரின் ஓமோ நிலையாக நிற்பதில்லை, ஒவ்வொரு ஸ்வர உயரத்துக்கும் ஏறி இறங்கும். ஒரு ஸ்பீக்கர் ஓரிடத்தில் 3.2 ஓம், இன்னோரிடத்தில் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 3 ஓம் ஆம்ப்பில் மாட்டினால் முதல் இடத்தில் கிட்டத்தட்ட 6 டெசிபல் இழக்கும், இரண்டாவதில் ஒன்றேகால்தான். ஸ்பீக்கரின் ஓம் கோடு எப்படிப் போகிறதோ அதே வடிவத்தில் சத்தத்தின் கோடும் நாலரை டெசிபல் வளைந்துவிடும். கேட்பவருக்கு அது "குணம்" என்று படும். உண்மையிலேயே வித்தியாசம் கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குணம் பெட்டிக்குப் பெட்டி மாறும், ஒரு பெட்டிக்கு இனிப்பாக அமைந்தது இன்னொன்றுக்குக் கசக்கும். ஸ்பீக்கர் செய்தவர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து நேராக்கிய கோட்டை ஆம்ப் வந்து வளைப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

இதற்கு நேர் எதிர்க் கோடியில் டாம்பிங் ஃபேக்டர் மோகம். 500, 1000, சில ஆம்ப்களில் 4000-க்கு மேல் என்று போடுகிறார்கள். ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு குறைவு என்பதன் மறுபெயர்தான் அது. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு ஒயர் இருக்கிறதே! 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்குச் சுமார் 7 மில்லிஓம். ஐந்து மீட்டர் தூரம் போய்த் திரும்ப 70 மில்லிஓம். 8 ஓமை அதால் வகுத்தால் 114. ஆம்ப் 4000 என்றாலும் பத்தாயிரம் என்றாலும் ஸ்பீக்கரின் வாசலில் 114-ஐத் தாண்டாது. ஸ்பீக்கருக்கு உள்ளே கிராஸ்ஓவர் காயிலின் ஓம் வேறு அதோடு சேரும். நூறு தொட்டால் போதும், அதற்கு மேல் உள்ளதெல்லாம் அட்டையில் அச்சிடத்தான் உதவும். ஒயருக்காக ஆயிரக்கணக்கில் கொடுப்பதும் அப்படியே. ஹார்டுவேர் கடை 2.5 ஸ்கொயர் ஒயரே என் வீட்டில் ஓடுகிறது.

அப்படியானால் ஆம்ப்புக்கு ஆம்ப் சத்தத்தில் வித்தியாசமே இல்லையா? இந்தச் சண்டை என் வயதைவிடப் பழையது. 1978-இல் க்வாட் கம்பெனி தன்னுடைய மூன்று தலைமுறை ஆம்ப்களை, அதாவது வால்வு க்வாட் 2, டிரான்சிஸ்டர் 303, 405 ஆகிய மூன்றையும் மறைத்து வைத்து, காது பழகியவர்களைக் கேட்கச் சொன்னது. அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் அது வெளியானது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1985-இல் பாப் கார்வர் செய்த வேலை. 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்காரர்களிடம் அவர் சவால் விட்டார்: உங்களுக்குப் பிடித்த விலை உயர்ந்த ஆம்ப் எதையும் கொடுங்கள், என் மலிவு டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அதே மாதிரி பேச வைக்கிறேன். சான்டா ஃபே ஊரில் ஹோட்டல் அறையில் உட்கார்ந்தார். அவர்கள் கொடுத்தது கான்ராட்-ஜான்சன் பிரீமியர் ஃபைவ் என்ற வால்வு ஆம்ப், பெயர் பிற்பாடுதான் வெளியே வந்தது. இரண்டு ஆம்ப்பின் அவுட்புட்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் என்ன வருகிறதோ அதை மட்டும் பார்த்தார். மிச்சம் குறையும்வரை தன் ஆம்ப்பில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மாற்றிக்கொண்டே போனார். கொடுத்த 48 மணி நேரம் முடிவதற்குள் பத்திரிகைக்காரர்களால் எது எது என்று சொல்ல முடியவில்லை. பிற்பாடு அதே பத்திரிகையோடு சண்டையும் வழக்கும் ஆனது வேறு கதை. எனக்கு இதில் சுவை என்னவென்றால், "குணம்" என்று நாம் கொண்டாடுவது ரெசிஸ்டர் மாற்றி வரவழைக்கக்கூடிய ஒன்று என்பது.

நான் வந்து நின்ற இடம் இது: அவுட்புட் இம்பீடன்ஸ் குறைவாக, சத்தமில்லாமல், தன் எல்லைக்குள் ஓடும் ஆம்ப்கள் இரண்டை ஒரே வால்யூமில் வைத்தால் என் காதுக்குப் பிரிக்க வராது. ஒரே வால்யூம் என்பதுதான் சிக்கல். கால் டெசிபல், அரை டெசிபல் கூடுதலாக ஓடுவது காதுக்குச் சத்தமாகத் தெரியாது, "தெளிவாக" இருப்பதாகத் தெரியும். ஷோரூம் டெமோ எல்லாம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. மல்டிமீட்டரை ஸ்பீக்கர் டெர்மினலில் வைத்து, 100 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, இரண்டு ஆம்ப்பின் வோல்டேஜையும் ஒரு சதவீதத்துக்குள் கொண்டு வர வேண்டும். (மலிவு மீட்டர்கள் கரண்ட் கம்பியின் 50 ஹெர்ட்ஸை அளக்கச் செய்தவை, 1 கிலோஹெர்ட்ஸ் டோனுக்குக் கண்டபடி காட்டும். அதனால்தான் 100.) ஷோரூமில் மீட்டரை எடுத்தபோது விற்பனைத் தம்பி என்னை கரண்ட் ஆபீஸ் ஆள் மாதிரி பார்த்தார்.

கடைசிப் பட்டியலில் மூன்று நின்றன. யமஹா ஏ-எஸ்1200: 8 ஓமில் 90 வாட்ஸ், 4 ஓமில் 150. மராண்ட்ஸ் மாடல் 30: 100, 200. நாட் சி 399: இரண்டிலும் 180. "4 ஓமில் இரட்டிப்பாகாத ஆம்ப் நல்ல ஆம்ப்பே இல்லை" என்று ஒரு சாஸ்திரம் உண்டு. அதன்படி மராண்ட்ஸ்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் என் பெட்டி 4 ஓம், நான் பார்க்க வேண்டியது 4 ஓம் எண் மட்டும். மராண்ட்ஸ் 28.3 வோல்ட், நாட் 26.8, யமஹா 24.5. முதலுக்கும் கடைசிக்கும் நடுவில் ஒன்றேகால் டெசிபல். மூன்றில் எதை வாங்கினாலும் ஸ்பீக்கருக்குக் குறையில்லை. ஒரு லட்சத்துக்கு மேல் போகிற விஷயத்தில் இப்படி ஒரு முடிவு வருவது சப்பென்றுதான் இருந்தது.

யமஹாவின் முகத்தில் இரண்டு ஊசி மீட்டர் இருக்கிறது. அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மனசு அங்கே கொஞ்சம் சாய்ந்தது.

இழுத்து நிறுத்தியது என் ஹால். 14 அடி நீளத்துக்குச் சுமார் 40 ஹெர்ட்ஸில் அறை தானே முழங்கும். 12 அடிக்கு 47, 10 அடிக் கூரைக்கு 56. பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் நடந்து போகும்போது ஒரு ஸ்வரம் மட்டும் ஹால் முழுக்க வீங்கி, அடுத்தது காணாமல் போகும். ஆர்3 தானாக 58 ஹெர்ட்ஸ் வரைதான் சமமாகப் போகும் என்றாலும், அதற்குக் கீழே கொஞ்சம் கொடுத்தாலே அறை எடுத்து ஊதிவிடுகிறது. கான்கிரீட் சுவர், விட்ரிஃபைட் டைல்ஸ், ஒரு கண்ணாடிக் கதவு. அளந்தால் பத்து டெசிபல் மேடும் பள்ளமும். ஆம்ப்புக்கு ஆம்ப் கால் டெசிபலுக்குச் சண்டை போட்டுக்கொண்டு, அறையின் பத்து டெசிபலை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாட் சி 399-இல் புளூஓஎஸ் மாட்யூல் ஒன்றைச் செருகினால் டிராக் லைவ் ரூம் கரெக்ஷன் வருகிறது. மைக்கை வெவ்வேறு இடங்களில் வைத்து அளந்து, அறை வீங்க வைக்கும் இடத்தை அமுக்குகிறது. பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது, சோபாவை ஒன்றரை அடி முன்னே தள்ளியதுதான் அதற்கு மருந்து. உள்ளே இருப்பது ஹைபெக்ஸ் என்கோர் தொழில்நுட்பம், கிளாஸ் டி. இருபது வருடத்துக்கு முன்னால் கிளாஸ் டி என்றால் முகம் சுளிப்பேன். புரூனோ புட்ஸிஸ் என்கிற பெல்ஜியக்காரர் அந்தக் கதையை மாற்றிவிட்டார். சென்னைக்கு இன்னொரு லாபமும் உண்டு. 30 வாட்ஸ் கிளாஸ் ஏ ஆம்ப் பாட்டுப் பாடினாலும் பாடாவிட்டாலும் 250 வாட்ஸ் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்கும், நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். மே மாதத்தில் அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி.க்கு வேறு யூனிட்.

சி 399-ஐயே வாங்கி மாட்டிய அன்று 'ஙொய்' என்று ஒரு ஹம். வால்யூம் ஏற்றினாலும் இறக்கினாலும் மாறவில்லை. செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரைக் கழற்றியதும் நின்றது. தெருவில் எங்கோ எர்த் ஆன கேபிளின் உறை ஒரு பக்கம், வீட்டு எர்த் இன்னொரு பக்கம், நடுவில் ஆம்ப். கேபிளுக்கு ஒரு ஐசொலேட்டர் போட்டதில் தீர்ந்தது. இந்த ஹம்முக்கு மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். இன்வெர்ட்டர் லைனிலும் ஆம்ப்பைப் போடவில்லை. அதன் சதுர அலையில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சாதனங்கள் உறுமும். பின்பக்கத் துவாரங்களில் பல்லி நுழையும் அபாயம் வேறு. தெரிந்தவர் ஒருவரின் பவர் ஆம்ப் அப்படித்தான் போர்டோடு போனது. ஸ்டாண்டின் பின்புறம் கொசுவலை அடித்திருக்கிறேன். காற்றோட்டம் குறையவில்லை, பார்க்கத்தான் கோழிக்கூண்டு மாதிரி இருக்கிறது.

ஆம்ப்பில் சப்-ஊஃபருக்கும் அவுட்புட் உண்டு. பேஸ் சுமையை அதற்கு மாற்றிவிட்டால் ஆர்3-க்கு உச்சியில் வேண்டிய வாட்ஸ் இன்னும் குறையும். 40 ஹெர்ட்ஸ் ஏற்கெனவே வீங்கும் அறையில் அதை எந்த மூலையில் வைப்பது என்றுதான் யோசனை. முதலில் சோபாவின் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, மைக்கை மூலை மூலையாகக் கொண்டுபோய் அளந்து பார்க்கப் போகிறேன். அளவெடுக்க ஃபேனை நிறுத்த வேண்டும், பக்கத்து வீட்டுக் குக்கரும் ஓய வேண்டும், அதனால் ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் முடியும். கீழ்வீட்டுக்காரரிடம் இன்னும் அனுமதி கேட்கவில்லை.